கோணல் தோட்டாக்கள்

ஆகஸ்ட் 3

நான் நிரப்பிய தோட்டா மறுபடியும் கோணல். தோட்டாவை அளவுமானியில் வைத்து உருட்டினால் குண்டின் நுனி தள்ளாடுகிறது. முள் ஆறு கோடு நகர்கிறது. இரண்டைத் தாண்டினாலே தூர இலக்குக்கு உதவாது. இன்று துப்பாக்கி கிளப்பில் என் கணவன் வெர்னன் சுட்ட ஐந்தும் ஐந்து பக்கம் போயின.

வண்டியில் வரும்போது, "லொரெய்ன் நெரப்பறது ஒண்ணரைக் கோட்டுக்கு மேல ஆடறதில்லையாம்" என்றான்.

நான் கேட்டேனா?

ஆகஸ்ட் 5

கூட்டுக்குள் குண்டைப் பாதி இறக்கி, தோட்டாவை அரைச் சுற்று திருப்பி, மீதியை இறக்கிப் பார்த்தேன். ஐந்து கோடு.

ஆகஸ்ட் 9

லொரெய்ன் பில்லிங்ஸிலிருந்து இங்கே குடிவந்து நான்கு மாதம்தான். அதற்குள் கிளப்பில் எல்லோருக்கும் அவள்தான் வாத்தியார். இன்று வெர்னனுக்கு இருபது தோட்டா நிரப்பிக் கொடுத்திருக்கிறாள், கூடவே ஒரு பாட்டில் ஹக்கிள்பெரி ஜாம். அவன் சுட்டும் விட்டான்.

அடுத்தவர் நிரப்பிய தோட்டாவை இங்கே யாரும் தன் துப்பாக்கியில் போடுவதில்லை. மருந்தின் அளவு தப்பினால் முகமே போய்விடும். நான் கட்டிக்கொண்டு வந்த இருபத்திரண்டு வருடத்தில் என் கையால் நிரப்பியதைத் தவிர வேறெதையும் அவன் சுட்டதில்லை.

"ஒரு தடவதானே, ஐடா. அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், போதும்.

ஆகஸ்ட் 10

ஜாம் நன்றாக இருக்கிறது. அதுவும் எரிச்சல்.

ஆகஸ்ட் 16

இன்று ஒவ்வொரு படியாக அளந்தேன். சுட்டு வந்த காலிக் கூடு நேராக இருக்கிறது. சுட்டதில் விரிந்ததைக் கைப்பிடி பிரஸ்ஸில் அழுத்திச் சுருக்கிய பிறகு கழுத்து கோணல். குண்டின் மேல் பழியே இல்லை.

கூட்டைச் சுருக்கும் டை என்கிற அச்சுக்குள் ஓர் உருண்டை உண்டு. வெளியே வரும்போது கழுத்தை உள்ளிருந்து விரித்துவிடும். கழுத்துக்குள் வழுக்கும் பொடி தடவாவிட்டால் பிடித்து இழுத்து வளைத்துவிடும். நான் எப்போதும் தடவுகிறவள். ஜூனில் நிறுத்தினேன். எதற்கு? "கழுத்துக்குள்ள நான் எதுவும் தடவறதே இல்ல" என்று லொரெய்ன் கிளப்பில் சொன்னாள். அவளால் முடிந்தது என்னால் முடியாதா என்று—

வேறெதையோ கேட்பதுபோல அவளுக்கு போன் செய்தேன்.

"அந்த உருண்டையா? அதக் கழட்டிப் போட்டு வருஷக்கணக்காச்சே. உருண்டையே இல்லாம எதுக்குத் தடவணும்?"

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை. போனை வைத்த பிறகும் காது சூடாகவே இருந்தது.

ஆகஸ்ட் 23

பொடி தடவி ஐம்பது தோட்டா. ஒன்றுகூட ஒன்றரைக் கோட்டைத் தாண்டவில்லை. வெர்னனைக் கூப்பிட்டு உருட்டிக் காட்டினேன். "சரியாயிடுச்சா, நல்லது" என்றான்.

செப்டம்பர் 6

இன்று போட்டி. என் தோட்டாப் பெட்டி மேசையிலேயே இருந்தது. மறந்துவிட்டானென்று வண்டிவரை ஓடினேன். முன் சீட்டில் லொரெய்னுடைய பெட்டி.

"இருக்கட்டும், ஐடா. இதுவே பழகிடுச்சு."

இவ்வளவு நாளும் முள் ஆடுவதுதான் காரணம் என்று நினைத்தேனே. முள்ளே இல்லையா? என் கைதான் வேண்டாமா?

மூன்றாவதாக வந்தான். கோழி பொரித்தேன். சாப்பிட்டோம்.

அக்டோபர் 15

கடையில் லொரெய்ன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப கை நடுக்கம் தேவலையா? உன்னால பிரஸ் பக்கமே போக முடியலன்னு சொல்லித்தானே வெர்னன் வந்து தோட்டா கேட்டான். இல்லேன்னா அடுத்த வீட்டுத் துப்பாக்கிக்கு நான் நெரப்புவேனா?"

எனக்கு எந்த நடுக்கமும் இல்லை. அவளிடம் சொல்லவில்லை. இத்தனை நாள் தப்பான ஆளைப் பார்த்து எரிந்திருக்கிறேன்.

அக்டோபர் 18

அடுத்த வாரம் எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. வேட்டைக்கு லொரெய்ன் நிரப்பமாட்டாளாம். வெர்னன் வந்து பிரஸ் பக்கத்தில் நின்றான்.

"எனக்கா நெரப்பற?"

"இல்ல, என் துப்பாக்கிக்கு."

"அப்ப எனக்கு?"

"கை நடுங்குது, வெர்னன்" என்றேன். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த தோட்டாவை உருட்டினேன். ஒரு கோடு.