வெட்டி எடுத்த நாற்பது நொடி

தவளக்குப்பம்,
டிசம்பர் 9

அன்புள்ள கவிநிலாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். இங்கே பதினோரு நாளாக விட்டுவிட்டு மழை, அம்மா துவைத்த துணி எதுவும் காயவில்லை, என் யூனிஃபார்ம் சட்டையை ஃபேனுக்குக் கீழே போட்டு ஈரத்தோடுதான் ஹோட்டலுக்கு ஏசி வேலைக்குப் போகிறேன். உன் கம்பளிக் குல்லாவும் இரண்டு ஜோடி சாக்ஸும் அம்மா பார்சல் போட்டுவிட்டாள். தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாய், பாட்டிலை வெந்நீர் வாளியில் ஐந்து நிமிஷம் வைத்தால் இளகிவிடும், இதுக்கெல்லாம் அம்மாவிடம் அழாதே. வெந்நீர் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்றால் அங்கே குளிக்கிற வரிசையில் முன்னால் போய் நில், இந்திப் பிள்ளைகளுக்கு வழிவிட்டு வழிவிட்டுக் கடைசியில் நிற்காதே, ஒன்பதாவது ஒரு வருஷத்துக்கு மட்டும்தான் உன்னை வடக்கே மாற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்றாலும் அதுவும் உன் பள்ளிக்கூடம்தான். உன் அக்டோபர் கடிதம் வந்து ஒன்றரை மாசம் ஆகிறது. அதில் கடைசி வரியில் சயின்ஸ் டீச்சர் போனில் நம் வீடியோ பார்த்தேன், நான் கேட்டதை ஏம்ப்பா எடுத்துட்ட என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அதுக்கு நான் பதில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனில் நீ கூப்பிடுகிற பத்து நிமிஷத்திலும் மார்க் என்ன, கணக்கில் எவ்வளவு என்று கேட்டே நேரத்தை ஓட்டிவிட்டேன். இப்போது பதில் எழுதுகிறேன். உட்கார்ந்து படி, தனியாக இருக்கும்போது படி.

ஹீட் பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று நாம் எடுத்த வீடியோக்களில் முதல் நான்கும் நன்றாகத்தான் போயின. குளிர்ந்த காற்றிலும் வெப்பம் இருக்கிறது, ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் விடுகிறது என்று நான் போர்டில் கோடு கோடாகப் போட்டுப் பதினைந்து நிமிஷம் சொன்னதை நீ தவளக்குப்பத்துல ஆள ஏத்திக் கோரிமேட்டுல எறக்கிட்டு காலியா திரும்பி வர்ற பஸ்ஸு மாதிரி என்று ஒரே வரியில் முடித்தாய். கமெண்டில் எல்லாரும் அந்த பஸ்ஸைப் பற்றித்தான் எழுதினார்கள், என் கோட்டைப் பற்றி ஒருத்தனும் எழுதவில்லை. ஆறாவது வீடியோதான் கருவாட்டுப் பெட்டி. பழைய ஸ்பிலிட் ஏசியைப் பிரித்து ஒரு மூடின பெட்டியில் வைத்து, உள்ளே இருக்கிற காற்றைக் குளிரவைத்து ஈரத்தைச் சொட்டவிட்டு, அதே காற்றைத் திரும்பச் சூடாக்கி மீன்மேல் விடுவது. மழையில் மணலில் மீன் காயாது புழு வைத்துவிடும், ஆகவே கடலோரத்தில் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று நான்தான் கணக்குப் போட்டேன். ஷெட்டில் எடுத்தோம், நீ போனைப் பிடித்திருந்தாய். காப்பர் பைப்பைப் பத்தவைத்து முடித்து, லீக் இருக்கிறதா என்று பார்க்க நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றினேன். அப்போது நீ கேட்டாய், அப்பா ஆக்சிஜன் சிலிண்டர்தான் பக்கத்துலயே இருக்குதே, அதையே ஏத்துனா ஆவாதா என்று. ஏத்துனா வெடிக்கும், பைப்புக்குள்ள கம்ப்ரசர் எண்ணெய் ஒட்டியிருக்கும், ஆக்சிஜனும் எண்ணெயும் அழுத்தத்துல சேர்ந்தா தீக்குச்சியே வாணாம் என்று நானும் பதில் சொன்னேன். சொல்லிவிட்டு, ஷூட்டிங் நேரத்தில் கேள்வி கேட்டே உயிரை வாங்குகிறாய் என்று உன்மேல் எரிந்தும் விழுந்தேன். அடுத்த வாரம் ரயில் ஏறுகிற வரைக்கும் நீ என்னோடு சரியாகப் பேசவில்லை.

நீ போன பிறகு வீடியோவை வெட்ட உட்கார்ந்தேன். ஐந்தாவதில் இரண்டாவது நிமிஷத்திலேயே பாதிப் பேர் ஓடிவிட்டதைக் கிராஃப் காட்டியது, அந்த எரிச்சலில் பதினோரு நிமிஷத்தை ஆறாகக் குறைத்தேன். போனில் நிறைந்து தெரியட்டும் என்று படத்தை இரண்டு பக்கமும் ஒடுக்கினேன், அதில் நைட்ரஜன் சிலிண்டர் வெளியே போய்விட்டது, என் கையும் அழுத்தம் காட்டுகிற கேஜும் மட்டும்தான் தெரிந்தது. உன் கேள்வியும் என் பதிலும் சேர்ந்து நாற்பது நொடி, நைட்ரஜன் என்று பேர் சொன்னதும் அதில் மட்டும்தான். எவன் ஆக்சிஜன் ஏத்தப்போறான் என்று நினைத்து அதையும் வெட்டினேன். போனில் இடமில்லை என்று முழுப் பதிவையும் அன்றைக்கே அழித்தேன். இதுதான் உன் வரிக்குப் பதில், இதில் பூசி மெழுக ஒன்றும் இல்லை.

எவன் ஏற்றப்போகிறான் என்றேனே, ஏற்றினது தேங்காய்த்திட்டு ஹார்பரில் போட் எஞ்சின் மெக்கானிக் முத்துவேல் அண்ணன். உனக்கு அவரைத் தெரியாது, எனக்கும் போன மாசம் வரைக்கும் தெரியாது. அவர் சம்சாரம் அங்கம்மாள் கருவாடு போடுகிறவர், போன மழையில் அவருக்கு இரண்டு கூடை மீன் வீணாகப் போனதாம், அதனால் அண்ணன் நம் வீடியோவைப் பார்த்துத் தானே பெட்டி செய்திருக்கிறார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது, நான் போய்ப் பார்த்தேன், என்னிடம் வேலை பழகுகிற பையன்களை விட நன்றாகப் பத்தவைத்திருக்கிறார். ஆனால் ஹார்பரில் டீசல் பைப் அடைத்துக்கொண்டால் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து ஊதிவிடுவது அவருக்கு இருபது வருஷப் பழக்கம், அது ஆபத்து என்று அங்கே யாரும் யாருக்கும் சொன்னதில்லை. வீடியோவில் எந்த சிலிண்டர் என்று தெரியவில்லை, வெல்டிங் ஷெட்டில் கைக்குக் கிடைத்தது ஆக்சிஜன், அதை ஏற்றினார். பைப் வெடித்து வலது கையும் கழுத்தும் கன்னமும் வெந்துவிட்டது. கண் தப்பியது.

வீடியோவுக்குக் கீழே கொடுத்திருந்த நம்பருக்குத்தான் அங்கம்மாள் போன் பண்ணினார். நீ சொன்ன அதே பஸ்ஸில் ஏறிக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலிலேயே அந்த அம்மா என்னை நிறுத்தி, இவர் உன் வீடியோவ ஒம்பது தடவ பாத்தாருய்யா, சோறு துன்னும்போது கூட பாத்தாரு, இன்ன சிலிண்டருன்னு எங்க சொல்லியிருக்கிற காட்டு என்று அவர் போனையே என் கையில் கொடுத்தார். அங்கே நின்றுகொண்டு நான் எடுத்த வீடியோவை நானே பார்த்தேன். வெட்டின இடத்தில் உன் கை நிழல் பைப்மேல் விழுந்திருக்கும், அடுத்த நொடி நிழல் இருக்காது. இத்தனை நாளில் அது என் கண்ணில் படவில்லை. உள்ளே போனால் கட்டுக்கு வெளியே ஒரு கண்ணும் அரை வாயுமாகப் படுத்திருந்த அண்ணன், வாங்க சார், எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன், எங்க தப்பு பண்ணேன்னு தெரியல என்று கேட்டார் கவி. சார் என்றார். அவர் தப்பு எங்கே என்று என்னைக் கேட்டார். நான் ரெஸ்ட் எடுங்கண்ணே, அப்பறம் பேசலாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதை உனக்கு எழுதுவதற்கே கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

நம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ராஜா மாமா, மச்சான் நீ ஆக்சிஜன் ஏத்துன்னு சொல்லலியே, வீடியோவ எடுத்துடு, கம்முனு இரு, யாருக்கும் தெரியப்போறதில்ல என்றார். அன்று சாயங்காலமே எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் உறைத்தது, ஏற்கெனவே பார்த்தவர்கள் நாற்பதாயிரம் பேர், அதில் எத்தனை பேர் வீட்டில் பாதிப் பெட்டி செய்து வைத்திருக்கிறார்களோ, இந்த மழைக்கு எத்தனை பேர் அவசரப்படுகிறார்களோ, வீடியோவை ஒளித்துவிட்டால் அவர்களுக்கு யார் சொல்வது. சரி, சொல்லிவிடலாம் என்று கேமரா முன்னால் உட்கார்ந்தேன். மூன்று தடவை பேசிப் பதிவு செய்தேன். மூன்றையும் அம்மாவிடம் காட்டினேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்துவிட்டு, அறிவிருக்கிறவன் ஆக்சிஜன் ஏத்துவானாங்கற, பேசிக் தெரியாம கை வெக்காதங்கற, படுத்திருக்கிற மனுஷனத்தான இதுல திட்டிக்கினு இருக்கிற, இத அவரு பாக்கட்டும்னு போடப்போறியா என்று கேட்டாள். மூன்றையும் அழித்தேன். உன் அம்மா இப்படிக் கேட்டால் எனக்குக் கோபம் வரும், உனக்கே தெரியும். அன்றைக்கு வரவில்லை.

நேற்று திரும்பப் போய் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். தப்பு உங்களுடையது இல்லை, வீடியோவில் இருந்தது, எட்டாவது முடித்த என் பெண் கேட்டாள், நான் பதிலும் சொன்னேன், வீடியோ வேகமாக ஓடவேண்டும் என்று வெட்டிவிட்டேன் என்று சொன்னேன். அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கம்மாள்தான், எட்டாவது படிச்ச புள்ளைக்குத் தோணினத நீ வாயப் பொத்தி வெச்சியா, நீயெல்லாம் நாலு பேருக்குச் சொல்லிக் குடுக்கிற ஆளா என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கேட்டார். பக்கத்துக் கட்டில் ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கேட்கட்டும் என்று நின்றேன். இரண்டு விரல் மடங்குமா என்று டாக்டர்களுக்கே இன்னும் தெரியவில்லை, அவர் ஸ்பேனர் பிடிக்கிற கை அது. கிளம்பும்போது அண்ணன் கூப்பிட்டார். இந்தத் தடவை சார் என்று சொல்லவில்லை. தம்பி, ஹார்பர்ல எல்லாப் பசங்களும் அப்படித்தான் பைப்ப ஊதறானுங்க, நான் சொன்னா சிரிப்பானுங்க, நீ சொன்னா தள்ளிட்டுப் போயிடுவானுங்க, அந்தப் பொண்ணு கேட்டத முதல்ல போடு, அப்பறம் நீ பேசு என்றார்.

என்னிடம் அந்தப் பதிவு இல்லை. ராஜா மாமா தன் பெண்ணை விட்டு உன் கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். கேட்டது நீ. அதனால் இந்தக் கடிதம் கிடைத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போது நான் ரெக்கார்டு போட்டுவைத்திருப்பேன், எப்படி இருக்க, சாப்டியா எதுவும் வேண்டாம், முதல் வார்த்தையாக அந்தக் கேள்வியைக் கேள். படிக்கிற மாதிரிக் கேட்காதே, அன்றைக்குக் கேட்ட மாதிரிக் கேள். பதிலை முழுசாகச் சொல்கிறேன், எதனால் வெட்டினேன் என்பதையும், யார் கை வெந்தது என்பதையும் அண்ணன் சம்மதத்தோடு அதிலேயே சொல்கிறேன். அந்த வீடியோ வெளியே போனால் சேனலை விட்டு ஆள் போவார்கள், ஹோட்டல் வேலையில் என்னைக் கேள்வி கேட்பார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதுவரைக்கும் சும்மா இருக்கவில்லை, நைட்ரஜன் தவிர எதையும் ஏற்றாதீர்கள் என்று சேனலில் எழுதிப் போட்டுவிட்டேன், ஆனால் எழுதினதை எவன் படிக்கிறான். ஒன்று மட்டும் மண்டையில் ஏற்றிக்கொள், இதில் உன் தப்பு ஒரு துளியும் இல்லை, இன்னும் கத்திக் கேட்டிருக்கலாமோ என்றெல்லாம் படுத்துக்கொண்டு யோசிக்காதே. நீ ஒரு தடவை கேட்டாய், அது போதுமானது.

காது மூடித் தூங்கு, காலில் சாக்ஸ் ஈரமாக இருந்தால் உடனே மாற்று, டீச்சர் வகுப்பில் புரியவில்லை என்றால் இந்தியில் வார்த்தை வராவிட்டாலும் கையைத் தூக்கு. அம்மா உனக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமையை மறக்காதே. பத்து நிமிஷமும் உன்னுடையது, முதல் கேள்விக்குப் பிறகு வேறு கேள்வி இருந்தாலும் கேள், நான் நடுவில் பேசமாட்டேன்.

உன் அப்பா,
வெற்றிச்செல்வன்