அண்டாவுக்கும் பாட்டுக்கும் நடுவே

அன்புள்ள அக்கா,

இன்று பிரசங்கம் நடக்கும்போதே பக்கவாசல் வழியாக விறகுப் புகையும் ஆட்டுக்கறிக் குழம்பு வாசமும் கோயிலுக்குள் வந்துவிட்டன. போதகர் பரலோகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நாங்களோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதாகவே நினைத்தோம். இன்று அசனம். நீங்கள் ஊர் மாறிப் போனபின் வரும் முதல் அசனம்.

காரைக்குடியில் நம்முடையது சின்னச் சபை. வருஷத்துக்கு ஒருநாள்தான் எல்லோரும் சேர்ந்து சமைத்து ஒரே பந்தியில் உட்காருகிறோம். அதுவும் ஒரு முறை நின்றுபோக இருந்ததே, அதை நினைத்து இன்று தனியாகச் சிரித்தேன்.

ரோசம்மாளின் கணக்கு நீங்கள் அறிந்தது. காணிக்கைப் பாட்டு தொடங்கியதும் அரிசியை உலையில் போடுவாள். ஆராதனை முடியும்போது சோறு பதமாகியிருக்கும். அண்டாவைத் தூக்கி வடிக்கத் தெம்புள்ள இரண்டு ஆண்களும் பாடகர் குழுவில் நிற்பவர்கள். அது நின்றுபோக இருந்ததற்கு முந்தின வருஷம் பாட்டு நடத்திய கிருபை டீச்சருக்குக் குரல் அபாரமாக வாய்த்துவிட்டது. சரணத்துக்குச் சரணம் இரண்டு முறை பாடி, போதாததற்கு இன்னொரு பாட்டையும் சேர்த்தார். வடிக்க ஆளில்லாமல் சோறு களியாகிவிட்டது.

டீச்சர் தொண்டைதான் சோற்றைக் கெடுத்தது என்று ரோசம்மாள் பந்தியிலேயே சொன்னாள். வயிற்றுக்காக ஆண்டவர் பாட்டை அறுக்க முடியுமா என்றார் டீச்சர். அடுத்த அசனம் நெருங்கியபோது இவள் கரண்டியைத் தொடமாட்டேன் என்றாள். அவருக்கோ அன்றைக்குக் காய்ச்சல் வரும் என்று ஒரு வாரத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. அசனமே வேண்டாம் என்று கமிட்டி பேச ஆரம்பித்தது.

அப்போதுதான் என்னைக் கூப்பிட்டீர்கள். எனக்குப் பாட்டு வராது. நான் வைக்கிற ரசத்தை என் வீட்டுக்காரர் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் வாயில் வைப்பார். ஊர்க்கதை பேசுவதைத் தவிர எனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன்.

"அதத்தான் கேக்குறேன்த்தா. நாக்கும் ஒரு அவயவந்தான? இவ சொன்ன நல்லத அவகிட்டச் சொல்லு, அவ சொன்ன நல்லத இவகிட்டச் சொல்லு. ஒண்ணையும் கூட்டாத."

கூட்டாமல் சொல்வதா? உப்பில்லாமல் ஊறுகாய் போடச் சொன்னதுபோல் இருந்தது. கீழச்சிவல்பட்டியில் ரோசம்மாள் வீட்டில் அரைநாள் உட்கார்ந்தேன். டீச்சரைப் பற்றி வந்ததெல்லாம் அருமையான சரக்கு. ஒன்றும் வெளியே கொண்டுபோகக் கூடாது. விரதக்காரி பிரியாணிக் கடையில் உட்கார்ந்த கதைதான். நான் செருப்பை மாட்டும்போதுதான் அந்த ஒரு நல்ல சொல் விழுந்தது.

"அவுக பாட ஆரம்பிச்சா எனக்குக் கரண்டி ஓடாது. அப்படியே நின்னுருவேன்."

பஸ்ஸைப் பிடித்து நெற்குப்பைக்கு ஓடினேன். டீச்சர் அதைக் கேட்டுவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"கொழஞ்ச சோத்தையே நான் ரெண்டு தடவ வாங்கித் தின்னேன். அந்தக் கொழம்பு வேற யாருக்கு வரும்?"

அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அசனத்தன்று ரோசம்மாள் விடியும்போதே வந்து அடுப்பு மூட்டினாள். டீச்சரின் காய்ச்சலையும் காணோம். நீங்கள் என்னைப் பக்கவாசலில் நிறுத்தினீர்கள்: இன்னும் எத்தனை சரணம் என்று டீச்சரிடம் கேட்டு அடுப்படிக்குச் சொல்ல வேண்டும், அதற்குத் தக்கபடி அரிசி உலைக்குப் போகும். என்னை நம்பி ஒரு சபையே பசியோடிருந்தது அன்றுதான்.

டீச்சர் ஒரு சரணத்தையும் விடவில்லை. ரோசம்மாள் அண்டாவருகில் நின்று கண்ணைத் துடைத்தாள், புகை என்றாள். அன்று காற்று அவளை விட்டு அங்குட்டு அடித்தது, நான்தான் பார்த்தேனே. சோறு பருக்கை பருக்கையாக வந்தது.

இன்றும் பக்கவாசலில் நான்தான். பந்தி முடிந்து பாத்திரம் கழுவும்போது இருவரும் உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவுகளுக்குப் பாடவும் வராது, ஆக்கவும் வராது" என்றாள் ரோசம்மாள்.

"நமக்கு வரும்னு அவுகளுக்குத்தான மொதல்ல தெரிஞ்சுச்சு" என்றார் டீச்சர்.

கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதி கழுவிய அண்டாவை அப்படியே போட்டுவிட்டு, இதோ எழுதி, சேர வேண்டிய ஆளிடம் சேர்த்துவிட்டேன்.