பணக்கார லயம்

அன்பு மகன் ஜெயகுமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. கதிர்காமத்தான் புண்ணியத்தில் இதை எழுதுகிற இந்த நேரம்வரை நானும் அப்பாவும் தங்கச்சியும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், நீயும் அந்த வெயில் தேசத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, தலையில் துணி கட்டி வேலை செய்து, நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். முந்தாநாள்தானே போனில் பேசினோம், இப்போது என்ன கடுதாசி என்று நீ சிரிப்பாய். போனில் என்னத்தைப் பேச, உன் அப்பா என் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து தொடையில் ஒரு கிள்ளு, பிள்ளை தூர தேசத்தில் கவலைப்படுவான் என்று. நீயும் என்னம்மா மழையா என்று கேட்கிறாய், நானும் ஆமாம் மழைதான் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் இதை எழுதி, லீவு முடிந்து நாளைக் காலையில் கட்டாருக்குப் புறப்படுகிற உன் கூட்டாளி நௌபர் கையில் கொடுத்துவிடுகிறேன். போய் இறங்கிய அன்றே உன்னிடம் தருவதாகச் சத்தியம் பண்ணியிருக்கிறான். கூடவே மாசிச் சம்பல் ஒரு போத்தல் வருகிறது, அறையில் உள்ள எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டு நீ வெறும் போத்தலைப் பார்த்துக்கொண்டு இருக்காதே, உன் கை எனக்குத் தெரியும்.

வீட்டுச் சேதி என்றால் சிவசக்தி பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போய் வருகிறாள், நாலு சின்னப் பிள்ளைகளை அதட்டிப் பழகி இப்போது என்னையும் அதட்டுகிறாள். அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆஸ்பத்திரி என்று சொன்னால் மட்டும் காது கேட்காது. நீ பணம் அனுப்பி வாங்கின மெத்தைச் செட்டியில் யாரும் ஈரக் காலோடு உட்காரக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார், ராத்திரி தான் மட்டும் அதில் நீட்டிப் படுத்துக்கொள்கிறார். அந்தச் செட்டியால் வந்த வினையைத்தான் எழுத உட்கார்ந்தேன், பொறுமையாகப் படி. ஆடி மாதத்தில் பதுளையில் இருந்து சத்தியபாமா மிஸ் என்று ஒருவர் வந்தார், யாழ்ப்பாணத்துப் பக்கம், நல்ல மனுசி. ஊவா மாகாணத்தில் எந்த ஊர்க் குடும்பங்கள் எவ்வளவு வசதியாக இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை அவருக்கு. பதுளை டவுன், பண்டாரவளை, எல்ல, அப்புத்தளை, லுணுகலை, அதோடு தோட்டங்கள், எல்லா இடத்திலும் வீடு வீடாகப் போய் டீவி இருக்கிறதா, ப்ரிட்ஜ் இருக்கிறதா, கேஸ் அடுப்பு இருக்கிறதா, உட்கார என்ன இருக்கிறது என்று பார்ப்பார்களாம். மிஸ் வருவதற்கு முன்னாலேயே சேதி வந்துவிட்டது, நம் தலைவர் அழகையா எல்லாரையும் கோயிலடிக்குக் கூப்பிட்டார். உனக்கு ஞாபகம் இருக்கும், அந்த வருசம் காற்றில் தகரம் பறந்தபோது டீவிக்காரர்கள் வந்து பக்கத்து வீட்டு லெட்சுமியின் காம்பரா வீட்டையும் ஒழுகுகிற இடத்தில் அவள் வைத்திருந்த சட்டிகளையும் படம் பிடித்துப் போட்டார்களே, அதைப் பார்த்துவிட்டு அவள் மகளைப் பள்ளிக்கூடத்தில் சட்டிப் பிள்ளை, சட்டிப் பிள்ளை என்று கூப்பிட்டு, கடைசியில் அந்தப் பிள்ளை படிப்பையே விட்டுவிட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் அழகையா பேசினார். எல்லக்காரன் ஓட்டலக் காட்டுவான், பண்டாரவளக்காரன் காரக் காட்டுவான், நம்ம என்னத்தக் காட்டுறது, ஒழுகுற தகரத்தையா, இந்தத் தடவ எவனும் நம்மளப் பிச்சக்கார லயம்னு எழுதக் கூடாது என்றார். லெட்சுமிதான் முதலில் அழுதுகொண்டே சரி என்றாள், அதற்குப் பிறகு யாரும் வேறு பேச்சுப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கிடக்கிற நம் லயத்து வழக்கம் உனக்குத் தெரியாததா. எந்த வீட்டில் பெண் பார்க்க வந்தாலும் லயத்தில் உள்ள நல்ல சாமான் எல்லாம் அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போய்விடும், நாற்காலி ஒரு வீட்டில் இருந்து, பூப்போட்ட கோப்பை இன்னொரு வீட்டில் இருந்து, மேசை விரிப்பு என் பெட்டியில் இருந்து. வருகிறவர்களுக்கும் அது தெரியும், அவர்கள் வீட்டிலும் அப்படித்தான், அதனால் அதில் ஏமாற்று என்று ஒன்றும் கிடையாது, வந்தவர்களுக்கு மரியாதை, அவ்வளவுதான். பதுளையில் இருந்து வருகிற மிஸ்ஸுக்கு அது தெரியாது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மிஸ் முன்வாசலில் நின்று ஒரு வீட்டுக்காரரிடம் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் குசினி வழியாக நம் செட்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். உன் அப்பா முழங்கால் வலியை மறந்து ஒரு தலைப்பில் பிடித்துக்கொண்டு ஓடினார், அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா வலித்தது. டீவியும் போனது, கேஸ் அடுப்பும் போனது, ப்ரிட்ஜை மட்டும் தூக்க முடியவில்லை, அதனால் மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும் ரிப்பேருக்குப் போட்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். லெட்சுமி வீட்டுக்கு வந்தபோது மிஸ் செட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, இஞ்சை எல்லாரும் ஒரே கடையிலையே செட்டி வாங்கினனீங்கள் என்று கேட்டார். அதற்கு லெட்சுமி கொஞ்சமும் யோசிக்காமல், ஆமாங்க மிஸ், மொத்தமா எடுத்தா வெல கொறயும்னாங்க என்று சொல்லிவிட்டாள். மிஸ் அதையும் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகுதான் இந்த மழை. ஐப்பசியில் தொடங்கினது இன்னும் விடவில்லை, காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆட்கள் வந்தாலும் கொழுந்து மலைக்கு ஏற்றாமல் திருப்பி அனுப்புகிறார்கள். லயத்துக்கு மேலே தேயிலைக்கு நடுவில் மண் வெடித்திருக்கிறது, முதலில் கத்தி நுழைகிற அளவுதான், இப்போது என் கை முழங்கைவரை போகிறது. இந்த மழையிலும் நாம் குடம் வைத்துப் பிடிக்கிற பீலியில் தண்ணீர் நின்றுபோய்விட்டது தம்பி. அந்தத் தண்ணீர் நம் குசினித் தரையில் கசிகிறது, செம்மண் கலரில், துடைக்கத் துடைக்க வருகிறது. முன்கதவைச் சாத்த முடியவில்லை, அப்பா அதைச் சீவிச் சரிப்படுத்தினார், நாலு நாளில் திரும்பவும் இறுகிவிட்டது, கதவு ஊதிவிட்டது என்கிறார், நிலை சாய்ந்திருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. போனில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்து உனக்குத் தெரிகிறோமே, அந்தச் செட்டியை இப்போது பின்சுவரோடு சேர்த்துப் போட்டிருக்கிறார், சுவரில் விழுந்திருக்கிற வெடிப்பு உனக்குத் தெரியக் கூடாது என்றுதான். மண் பார்க்கிற ஆட்கள் வந்து பார்த்துவிட்டு இங்கே யாரும் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். லுணுகலை ரோட்டில் சமதரையில் தனி வீடுகள் கட்டி முடிந்திருக்கின்றன, ஆனால் எல்லாருக்கும் காணாது. எந்த இடத்து ஆட்களுக்கு முதலில் கொடுப்பது என்று பதுளையில் கூட்டம் வைத்தார்கள், அதற்கு எடுத்தது மிஸ் எழுதிய அந்த ஒப்பீட்டைத்தான். வசதி குறைந்த இடம் சிவப்பு, வசதியான இடம் பச்சை. எல்லயும் பண்டாரவளையும் பச்சை, தோட்டத்தில் நம் மேல் டிவிசனும் பச்சை. கீழ் டிவிசன் சிவப்பு, வீடுகள் அவர்களுக்குப் போய்விட்டன. நான் வயிறெரியவில்லை, அவர்களுக்கும் கூரை ஒழுகத்தான் செய்கிறது, ஆனால் அவர்கள் தலைக்கு மேலே மலை இல்லை. அழகையா திரும்பி வந்து கோயிலடியில் எங்களிடம் இதைச் சொல்லும்போது, நம்ம அடுத்த வருசம் பாத்துக்கலாமாம், பண்டாரவளையும் நம்மளும் இப்ப ஒண்ணாம் என்றார். இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள்.

கிளினிக் என்று பொய் சொல்லிவிட்டு நான் முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். மிஸ்ஸைத் தேடிப் பிடித்து, செட்டி வீடு வீடாகப் போன கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, வீட்டுக்குள்ளை என்ன இருக்கெண்டுதான் கேட்டனாங்கள் அம்மா, வீடு எதுக்கு மேலை இருக்கெண்டு கேக்கேல்லை என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, காட்டினதைத்தானே எழுதினார். மேலிடத்துக்கு இன்றைக்கே சொல்வதாகவும், வீடுகளைத் திரும்பப் பார்க்காமல் நிறத்தை மாற்ற முடியாது என்றும் சொன்னார். மழை விட்ட உடனை நானே வாறன், அதுவரைக்கும் தயவுசெய்து அங்கை படுக்காதேங்கோ என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மழை விட்ட உடனே என்றால் எனக்கு அதில் என்ன ஆறுதல், நீயே சொல். திரும்பி வரும்போது பசறைக்கு இந்தப் பக்கம் ரோட்டில் மண் விழுந்து பஸ் நின்றுவிட்டது, இறங்கிச் சேற்றில் நடந்து வந்தேன். நான் வருவதற்கு முன்னால் சேதி வந்துவிட்டது. அழகையா வாசலிலேயே நின்று, லயத்து மானத்த பஸ் ஏத்திப் பதுளைக்குக் கொண்டுபோயிட்டியேக்கா என்று கேட்டார். நான், மானத்த எறக்கி வெச்சிட்டு உசுர ஏத்துறதுக்கு வேற பஸ் இருந்தா சொல்லுங்கண்ணே என்றேன், வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்தான். அன்றிலிருந்து பாதி லயம் என்னோடு பேசுவதில்லை. லெட்சுமி மட்டும் மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட ஹோலுக்குப் போய்விட்டாள், இன்னும் சில குடும்பங்களும் அவள் பின்னால் போயிருக்கின்றன.

உன் அப்பா அசைய மாட்டேன் என்கிறார். காம்பராவ விட்டு எறங்குனா தோட்டத்துக்காரன் பூட்டுப் போட்டுருவான், அப்பறம் பச்சையும் இல்ல செவப்பும் இல்ல, ரோட்டுலதான் என்கிறார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, அப்படிப் பூட்டின காம்பராக்களை நானும் பார்த்திருக்கிறேன், அதுதான் என் வாயை அடைக்கிறது. அவர் இருப்பதால் நான் இருக்கிறேன், நாங்கள் இரண்டு பேரும் இருப்பதால் சிவசக்தியும் போக மாட்டேன் என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. நேற்றுப் பகல் மேலே ஒரு சவுக்கு மரம் காற்றே இல்லாமல் மெதுவாகச் சாய்ந்து இன்னொரு மரத்தில் போய் நின்றதை நான் கூரைக்கடியில் கொடியில் துணி போடும்போது பார்த்தேன். நான் சொன்னால் பொம்பளைப் பேச்சு, சம்பாதிக்கிற மகன் சொன்னால் அவர் கேட்பார். இந்தக் கடுதாசி கையில் கிடைத்த உடனே போன் எடு, அம்மா எழுதினாள் என்றே சொல், என்னைக் காட்டிக்கொடுத்ததாக நினைக்காதே. காம்பரா போனால் போகட்டும், நான் பணம் அனுப்புகிறேன், வாடகைக்கு ஒரு அறை எடுங்கள் என்று சொல். கெஞ்சாதே, அதட்டு, அழுதாலும் பரவாயில்லை.

நீ அங்கே ஒழுங்காகத் தூங்கு, கூட்டாளிகளோடு சண்டை பிடிக்காதே, சூட்டில் இருந்து வந்த உடனே பச்சைத் தண்ணீரில் குளிக்காதே. கதிர்காமத்தான் உன் பக்கத்தில் நின்று உன்னைக் காப்பான், உனக்கு நல்ல இடத்தில் ஒரு பெண்ணும் அமைந்து நீ பிள்ளை குட்டிகளோடு நிறைந்து வாழ வேண்டும். இன்னும் ஒன்று, இதை மட்டும் மறந்துவிடாதே. தைப்பொங்கலுக்கு லீவு கிடைத்து வந்தாய் என்றால், லுணுகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி முன்னைப்போல நேராக மலை ஏறி வந்துவிடாதே. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சில்லறைக் கடை வைத்திருக்கிற புஹாரி நானாவிடம் போய், எங்கள் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று முதலில் கேள். அவர் உடனே பதில் சொல்லாமல் உன்னை உட்காரச் சொன்னால், உட்கார் ராசா.

உன் அம்மா,
சிவபாக்கியம்
மேல் டிவிசன், லுணுகலை