சீல் இல்லாத ஆர்டர்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் ஆராய்ச்சிக் கேள்வித்தாளை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். நாற்பத்திரண்டு கேள்வி! பரீட்சையில்கூட நான் இவ்வளவு எழுதியதில்லை. ‘உங்கள் ஏற்றுமதி நிறுவனத்தில் மின்வணிகம் நடைமுறையில் உள்ளதா?’ என்ற இடத்தில் ‘ஆம்’ போட்டிருக்கிறேன். நான்கு கம்ப்யூட்டர் ஓடுகிறதே.

ஒரு கவலை. நம் பெயின்ட் பிரஷ்களில் முக்கால்வாசியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, இனி ஆர்டர் எல்லாம் தன் இணையதளத்தில்தான் என்கிறது. இரண்டு நாளுக்குள் ‘சம்மதம்’ அழுத்தாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். இரண்டு ஆர்டர் போயே போய்விட்டது. மேனேஜர் ஒவ்வொன்றையும் பிரின்ட் எடுத்து, ஃபைலில் கோத்து, என் சீலுக்காக மேசையில் வைத்துவிடுகிறார். நானோ வெளியூரில். கேட்டால், “சீல் இல்லாத ஆர்டர எப்படி சார் நம்புறது?” என்கிறார். மூன்றாவதும் தவறினால் நம்மைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்களாம்.

உன் தம்பி

ஜனவரி 20

அன்புத் தம்பிக்கு,

உன் ‘ஆம்’ பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். கோபிக்காதே. நான் பார்த்த அறுபது நிறுவனங்களில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டரைத் தட்டச்சு இயந்திரமாகத்தான் வைத்திருக்கின்றன.

நிறுவனத்தின் அளவு, ஊழியர் பயிற்சி, வாங்குபவரின் நெருக்கடி என்று காரணங்களைப் பிரித்து எழுதுவது என் தொழில். உன் விஷயத்தில் காரணம் ஒன்றே: நீ. உன்னைக் கேட்காமல் ஒரு குண்டூசி நகர்ந்தாலும் குதிப்பாய் என்று மேனேஜருக்குத் தெரியாதா? கிடங்கில் இந்த நிமிடம் என்ன இருக்கிறது என்று யார் பார்க்காமலே சொல்வார்? அந்த ஆளிடம் ‘சம்மதம்’ அழுத்தும் உரிமையைக் கொடு.

அக்கா

பிப்ரவரி 2

அக்கா,

மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் படித்த என் மனைவி, “உங்க அக்கா பக்கத்துல இருந்து பாத்த மாதிரியே எழுதியிருக்காங்க” என்று சிரிக்கிறாள்.

நீ கேட்ட ஆள் எங்கள் பேக்கிங் பிரிவை மேற்பார்வை பார்க்கும் ஒரு அம்மாதான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். இன்று அவரைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்துவிட்டுப் பின்னால் நின்றேன். “சார், நீங்க போய் டீ குடிங்க. நீங்க நின்னா எனக்குக் கை ஓடல” என்றார். போய்விட்டேன்.

தம்பி

மே 15

அன்புள்ள அக்கா,

எட்டாயிரம் டஜனுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. நான் ரயிலில், போன் சிக்னல் கிடைக்காத இடத்தில். அந்த அம்மா ஐயாயிரத்துக்கு மட்டும் சம்மதம் அழுத்தி, மீதியை மூன்று வாரம் கழித்துத்தான் தர முடியும் என்று எழுதிவிட்டார். திரும்பி வந்து குதித்தேன்.

“யாரக் கேட்டுக் குறைச்சீங்க?”

“கிடங்கக் கேட்டேன் சார். பிரஷ் முடி அவ்வளவுதான் இருக்கு.”

நானாக இருந்தால் மொத்தத்துக்கும் தலையாட்டிவிட்டுப் பிறகு முழித்திருப்பேன். முன்கூட்டியே உண்மை சொன்ன ஆளை இப்போதுதான் பார்க்கிறோம் என்று அந்த வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. அடுத்த ஒரு வருட ஆர்டரும் நமக்கே! மேனேஜர் அந்தப் பதிலையும் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டார். அவரை மாற்ற முடியாது.

தம்பி

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

ஒரு வருட ஆர்டரை வைத்து நான் எதையும் நிரூபித்துவிட மாட்டேன். ஆனாலும் நேற்று எங்கள் துறைக் கூட்டத்தில் உன் கதையைத்தான் முதலில் சொன்னேன். அந்த அம்மாவைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் கேட்டார்கள். பிறகு ஒருவர், “இது எந்தக் கம்பெனி மேடம்?” என்றார். ஆய்வில் பங்கெடுத்தவர்கள் யார் என்று வெளியே சொல்லக் கூடாது. இருபது வருடமாக மாணவர்களுக்கு நான் சொல்லிவரும் விதி அது.

“என் தம்பி கம்பெனி” என்றேன்.

துறைத் தலைவர் விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். காலையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘வருந்துகிறேன்’ என்ற ஒரு சொல் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

உன் அக்கா