உசுரில்லாத கீபோர்டு

பிப்ரவரி 1, சனி
மகாபலிபுரம் ரிசார்ட்டில் வாசித்துக் காட்டினேன். மேனேஜர் அச்சுதன் சார் கண்ணை மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்து கீபோர்டைப் பார்த்தார். அவ்வளவுதான். "நல்லா வாசிக்கிறீங்க ஜாக்குலின். ஆனா இது ஸ்கூல் பசங்க கீபோர்டு மாதிரி இருக்கே. புரொஃபஷனல் பீஸ் ஒண்ணு வாங்கிட்டு வாங்க, சனிக்கிழமை புரோகிராம் உங்களுக்குத்தான்."
வாங்கிட்டு வரணுமாம். கத்தரிக்காயா?

பிப்ரவரி 3
கூடுவாஞ்சேரி கடையில் கேட்டேன். இரண்டே கால் லட்சம். "மாசத்துக்கு எத்தனை விக்கும்?" கடைக்காரர் சிரித்தார். "ஒண்ணு வித்தே ஒரு வருஷம் ஆவுதும்மா. எல்லாரும் தொட்டுப் பாக்கத்தான் வராங்க." நானும் தொட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்.
வாடகைக்கு எடுத்தால் சம்பளத்தில் பாதி அதற்கே போகும். நான் வாசிக்க, அது சம்பாதிக்குமா? நல்ல கதை.

பிப்ரவரி 5
சாம் ஒரு பெரிய கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். சவுண்ட் சர்வீஸ்காரன், கூடப் பிறந்த தலைவலி. மழைத்தண்ணீர் உள்ளே போய்விட்டதாம். ரிப்பேர் செலவைக் கேட்டுச் சொந்தக்காரரே கைகழுவிவிட்டாராம். "உசுரு இல்லக்கா. ஒடம்பு புதுசு கணக்கா கீது. இத்த மேல வச்சிக்க, உன்னுத கீய வச்சி கறுப்புத் துணி கட்டிக்கலாம். எவனுக்குத் தெரியப்போவுது?"
செய்யலாமா? ஏன், செய்தால் என்ன?

பிப்ரவரி 8, சனி
செய்துவிட்டேன். கீழே என் சின்னது பாடியது, மேலே பிணம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அச்சுதன் சார் ஓடி வந்தார். "பாத்தீங்களா? நல்ல கீபோர்டுன்னா சவுண்டே தனி!"
சாம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் விரலுக்கு வர வேண்டிய பாராட்டு அதுக்கா?

பிப்ரவரி 15, சனி
வயர் மாட்டிக்கொண்டிருந்தேன். அணுபுரத்திலிருந்து சிநேகா என்று ஒரு பெண், தோளில் சின்னக் கீபோர்டுப் பையோடு, ஞாயிற்றுக்கிழமைக்கு வாய்ப்புக் கேட்டு வந்தாள். பையைத் திறக்கவே விடவில்லை அச்சுதன் சார். "இவங்க மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வாம்மா" என்று என்னைக் காட்டினார். நகைக்கடைக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் அவள் அந்தப் பிணத்தைப் பார்த்தாள்.
ஐயோ, இன்னா வேலை செஞ்சி வச்சிருக்கேன் நான்!
"சாம், மேல கீறத எறக்குடா."
"அக்கா, பொயப்பு பூடும்."
"போனா போவுது."
துணியை உருவி எறிந்தேன். "சார், போன வாரம் நீங்க கேட்டது இந்தச் சின்னதுதான். பெரிசு செத்துப்போன பீஸ்." பிறகு அவளையும் பையைத் திறக்கச் சொன்னேன். இரண்டு சின்னக் கீபோர்டு, இரண்டு பேர், ஒரு மணி நேரம். சாப்பிட வந்தவர்கள் தட்டோடு எழுந்து வந்து நின்றார்கள்.
சார் "கூப்பிடறேன்" என்றார். கூப்பிட மாட்டார். போகட்டும்.

பிப்ரவரி 22, சனி
போன் வரவில்லை. அதற்காக அழுவேனா? கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 6
அச்சுதன் சார் போன். அந்த ரெண்டு பொண்ணுங்க எங்கே என்று கெஸ்டுகள் கேட்கிறார்களாம். சனி எனக்கு, ஞாயிறு சிநேகாவுக்கு.
"ஒண்ணே ஒண்ணு ஜாக்குலின். ஓனர் வர்றாரு. அந்தப் பெரிசையும் சும்மா பார்வைக்கு மேல வச்சிடுங்களேன்."
"முடியாது சார். அத்தக் கவுத்துப் போட்டு எங்கம்மா மாடியில வடகம் காய வச்சிருக்காங்க."
"சரி, ஆறு மணிக்கு வந்துடுங்க."