அரை கப் தட்டைப்பயறு

ஜனவரி 12, திங்கள்

விடிந்ததிலிருந்து பனி. கார் மேல் நாலு விரல் உயரம். பனியை நானே தள்ளினேன். கை மரத்துப்போய் அரை மணி நேரம் டம்ளர் பிடிக்க முடியவில்லை.

மார்பின்: 6, 10, 2.
தண்ணீர்: ஐந்து ஸ்பூன்.
டப்பாப் பால்: இரண்டு வாய். துப்பிவிட்டார்.
சாப்பாடு: இல்லை. நான்காவது நாள்.

இந்த நோட்டு, கடைசிக் காலத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஹாஸ்பிஸ்காரர்கள் கொடுத்தது, மருந்து நேரம் எழுத. மீதி இடத்தில் என் பாட்டை எழுதிக்கொள்கிறேன். இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த இன்னொருவர் அவர்தான். அவர் கண்ணாடி போட்டு ஒரு வாரம் ஆகிறது.

டிசம்பரில் டாக்டர் இனி கீமோ வேண்டாம் என்று சொன்னபோது வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்று சொன்னது நான்தான். கணையத்தில் ஆரம்பித்து ஈரல் வரை வந்துவிட்டது. டே கேர் வேலைக்கு லீவு. ஹாலில் சோபாவை நகர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டில். ஜன்னல் பக்கம் தலை. பக்கத்து வீட்டுக்காரர் பனி தள்ளுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

மதியம் தானாகக் கேட்டார்.

"சபுரா, அந்தப் பயறு கிடைக்குமா?"

எந்தப் பயறு என்றேன். ஹூஸ்டன் பயறு என்றார். இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் மட்டும் முதலில் வந்து இரண்டு வருஷம் ஹூஸ்டனில் இருந்தார். நானும் கைக்குழந்தை நஸ்ரினும் ஊரில். வாடகைக்கு ஒரு ரூம், வீட்டுக்காரி மிஸ் ஈவ்லின் என்ற கறுப்பினத்து அம்மா. ஞாயிற்றுக்கிழமை ஒரு சட்டி பயறு வேகவைத்துச் சோற்றில் ஊற்றித் தருவாராம். இந்தக் கதையை இதுவரை இரண்டு தடவை சொல்லியிருப்பார்.

நாலு நாளாக எதுவும் வேண்டாம் என்றவர் ஒன்று வேண்டும் என்கிறார். எனக்கு இறக்கை முளைத்த மாதிரி. இந்தியக் கடைக்கு ஓடினேன். நம் தட்டைப்பயறுதான், பாக்கெட்டில் லோபியா என்று போட்டிருக்கிறது.

ஜனவரி 13, செவ்வாய்

மார்பின்: 6, 10, 2, 6. வலி கொஞ்சம் கூடுதல்.

அரை கப் பயறு. ஊறவைத்து, குக்கரில் மூன்று விசில். வெங்காயம், பூண்டு. செய்முறையைப் போனில் பார்த்துத்தான் செய்தேன், ஆனால் கை சும்மா இருக்குமா. மஞ்சள்தூள் தன்னால் விழுந்துவிட்டது. சோம்பும். கடைசியில் தாளிப்பு வேறு. விசில் ஒன்று அதிகமாகி முழுக்கக் குழைந்துபோயிற்று.

கிண்ணத்தைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இது நம்ம வீட்டுப் பயறு" என்றார்.

நம் வீட்டுப் பயறு என்றால் என்ன கேடு? வாய் வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. சமையலறையில் நின்றுகொண்டே முழுவதையும் நானே சோற்றில் போட்டுத் தின்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

நஸ் போன் செய்தாள். கலிபோர்னியாவில் பே ஏரியா பக்கம் வேலை, சனிக்கிழமை காலை பிளைட் போட்டிருக்கிறாள். இப்போதே வா என்று சொல்லலாமா? சொன்னால் பயந்துபோவாள். சொல்லாமல் விட்டால்? சனிக்கிழமைக்கு நாலு நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

வாங்க: டயபர், வாஸ்லின், உப்பு (வாசல் படியில் பனி உருக).

ஜனவரி 14, புதன்

வெயில். ஆனால் குளிர் பொறுக்கவில்லை.

டெனீஸ் வரும் நாள். திங்கள், புதன், வெள்ளி வந்து உடம்பு துடைத்துவிடும் பெண். பனியால் திங்கள் வரவில்லை. பிறந்தது ஜார்ஜியா. நல்ல உயரம். அவரை ஒரு பிள்ளையைப் புரட்டுவது போல் புரட்டுவாள், ஒரு முனகல் வராது. நான் புரட்டினால் கத்துகிறார்.

பயறு பற்றிக் கேட்டேன். சிரித்தாள். வருஷப் பிறப்பன்று அவள் வீட்டில் அது இல்லாமல் இருக்காதாம், சாப்பிட்டால் அந்த வருஷம் நன்றாக இருக்குமாம். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்:

- குக்கர் கூடாது. கனமான சட்டி, சின்னத் தீ.
- முதலில் கறியை மட்டும் ஒரு மணி நேரம் வேகவிடு. அந்தத் தண்ணீர்தான் ருசி.
- வெங்காயம், செலரி, பூண்டு, பிரியாணி இலை, கொஞ்சம் மிளகாய்த்தூள்.
- பயறு உடையாமல் வேக முக்கால் மணி. உப்பு கடைசியில்.
- தாளிக்கவே கூடாது.

என்ன கறி என்றேன். பன்றியின் கால் மூட்டு, புகை போட்டது, வேறு எதைப் போடுவார்கள் என்றாள். பிறகு என் தலை முக்காட்டைப் பார்த்துவிட்டு, புகை போட்ட வான்கோழியும் போடலாம், தப்பில்லை என்றாள்.

அவள் போனதும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். மிஸ் ஈவ்லின் பயறில் என்ன கறி போட்டார் என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கேக்கல."

"கேக்கலயா, தெரியாதா மச்சான்?"

"கேட்டா சாப்பிட முடியாதுல்ல. அதான் கேக்கல."

இரண்டு வருஷம். வாரா வாரம்.

மார்பின்: 6, 10. இரண்டு மணி மருந்து இருபது நிமிடம் தாமதம். என் தப்பு.

ஜனவரி 15, வியாழன்

காலையில் அவரோடு பேசவில்லை. வாயைத் துடைத்தேன், மருந்து கொடுத்தேன், பேசவில்லை. சாகக் கிடக்கிற மனுஷனோடு சண்டை பிடிக்கும் பெண்டாட்டி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எழுதிவிடுகிறேன். எழுதினால் இறங்குமா பார்க்கலாம்.

நஸ்ஸுக்கு ஒன்பது வயது. பள்ளித் தோழியின் பிறந்தநாள். பீட்சா. பெப்பரோனி என்றால் பன்றிக் கறி என்று பிள்ளைக்குத் தெரியாது, வீட்டுக்கு வந்து நன்றாக இருந்தது என்று அவளேதான் சொன்னாள். அவர் அவளைக் குளியலறைக்கு இழுத்துப்போய் விரலை விட்டு வாயைக் கழுவினார். ஒரு தடவை இல்லை, ஏழு தடவை, எண்ணிக்கொண்டே. ஐந்தாவதிலேயே பிள்ளை வாந்தி எடுத்துவிட்டாள். கேட்டுச் சாப்பிட வேண்டாமா, கேட்டுச் சாப்பிட வேண்டாமா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவருகே டவலோடு நின்றேன். தடுக்கவில்லை. அவர் சொல்வது சரி என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அதற்கப்புறம் நஸ் அத்தாவின் முன்னால் சாப்பிட உட்கார மாட்டாள். தட்டை ரூமுக்கு எடுத்துப் போய்விடுவாள். காலேஜ் போகும்வரை அப்படித்தான்.

இருபது வருஷமாகக் கடையில் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்த மனுஷன் இவர். மிட்டாயில் பன்றி ஜெலட்டின் இருக்கிறது என்று எத்தனை தடவை திருப்பிக் கொடுக்க வைத்தார். கௌண்டரில் நான் வெட்கப்பட்டுச் செத்திருக்கிறேன்.

இருந்தாலும் போனேன். நியூ பிரன்ஸ்விக் பக்கம் ஒரு ஹலால் கடையில் புகை போட்ட வான்கோழி இறக்கை இருந்தது. டெனீஸ் சொன்னபடியே செய்தேன். மஞ்சள் டப்பாவை எடுத்துப் பரணில் வைத்துவிட்டேன், கை போகக் கூடாது என்று. பயறு உடையவில்லை. தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக, பழுப்பாக. வீடெல்லாம் புகை வாசம். எனக்கே எச்சில் ஊறியது.

மூன்று மணிக்கு ஒரு ஸ்பூன். பயறு வெந்த தண்ணீர் மட்டும். வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். விழுங்கினார். ஏழு நாளில் முதல் தடவையாக ஒன்று உள்ளே போயிற்று.

"இது இல்ல சபுரா."

குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. வழி கேட்டவனுக்கு இந்தத் தெரு இல்லை என்று சொல்வது போல் சொன்னார். இரண்டாவது ஸ்பூனுக்கு வாய் திறக்கவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

மார்பின்: 6, 9, 12, 3. நர்ஸ் போனில் சொல்லி இடைவெளியைக் குறைத்தார்கள்.
கால் வீக்கம். நகம் நீலம்.

டெனீஸிடம் வான்கோழி கதையைச் சொன்னேன். சட்டியில் மிச்சம் இருந்ததை ருசி பார்த்தாள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது இது இல்லை என்று அவளும் அதையே சொன்னாள். கையுறையைக் கழற்றினாள். பிறகு, நாளைக்கு அவளுக்கு வேலை இல்லையாம், வீட்டில் சின்னதாக ஒரு சட்டி வைத்து எடுத்துவந்து தருகிறாளாம். உள்ளே என்ன இருக்கிறது என்று நீ கேட்க வேண்டாம், நானும் சொல்ல மாட்டேன் என்றாள்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தேங்க் யூ என்றேன்.

ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் அஜரத்துக்குப் போன் செய்யலாமா என்று நம்பரை எடுத்தேன். என்ன சொல்வார் என்று எனக்கே தெரியும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

குளியலறைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன்: வான்கோழி மச்சான், டெனீஸ் வேற கடையில வாங்கினா. மூன்று தடவை. மூன்றாவது தடவை நம்பும்படி இருந்தது.

ஜனவரி 17, சனி

மறுபடி பனி. நஸ்ஸின் பிளைட் ரத்து. நாளைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். போனில் அழுதாள்.

பதினொன்றரைக்கு டெனீஸ். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். டவலில் சுற்றிய கிண்ணம். கையில் வாங்கும்போதே சூடு. மூடியைத் திறக்காமலே வாசம் வந்தது, வியாழக்கிழமை வந்த வாசம் இல்லை.

நம் வீட்டு ஸ்பூனை அதில் போட எனக்குக் கை வரவில்லை. டிராயரில் பீட்சா கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் ஸ்பூன் இருந்தது. அதை எடுத்தேன். ஒரு பேப்பர் கப்பில் கொஞ்சம் ஊற்றினேன். கையில் உறையும் போட்டுக்கொண்டேன்.

தலையணையை உயர்த்தினேன். வாசம் பட்டதும் மூக்கு அசைந்தது. கண்ணைத் திறந்தார். இத்தனை நாளில் இப்படி ஒரு தெளிவு அந்தக் கண்ணில் நான் பார்க்கவில்லை. வாயைத் திறந்துவிட்டார். நான் ஸ்பூனைக் கொண்டுபோனேன். உதட்டுக்கு ஒரு விரல் தூரம். அதில் பார்வை நின்றது.

"எதுக்குப் பிளாஸ்டிக் ஸ்பூன்?"

பார்வை என் கையுறைக்கு நகர்ந்தது.

"என்ன கறி போட்ருக்கு?"

இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதை என்னிடம் கேட்டார். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தது நாக்கு நுனியில் இருந்தது. வான்கோழி என்று ஒரு வார்த்தை. ஆனால் நான் சொன்னது வேறு.

"நஸ்ஸு தின்னுட்டு வந்தான்னு வாயைக் கழுவிவிட்டீங்களே. அந்தக் கறி."

வாயை மூடிக்கொண்டார். பூட்டு போட்டது மாதிரி. ஸ்பூனில் இருந்தது கொஞ்சம் தாடியில் சொட்டியது, அதைத் துடைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. தலையை ஆட்டினார், ஆமாம் என்பது போல. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

குப்பையில் போட்டேன். கப், ஸ்பூன், கையுறை, பயறு எல்லாம். டெனீஸின் கிண்ணத்தைக் கழுவினேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

ஹராமை அவர் வாயில் போகவிடாமல் காப்பாற்றினேன் என்று யாரும் சொல்லலாம். அஜரத் சொல்வார். எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் எனக்கு அல்லாஹ் நினைவே இல்லை. பாத்ரூமில் வாந்தி எடுத்த பிள்ளைதான் நினைவு. பதினாறு வருஷம் கழித்து, எழுந்து உட்கார முடியாத மனுஷன் மேல் தீர்த்துக்கொண்டேன்.

மார்பின்: 6, 9, 12, 3, 6.

ஜனவரி 18, ஞாயிறு

தண்ணீர்: இல்லை. இறங்கவில்லை. பஞ்சால் உதட்டை நனைக்கிறேன்.
மருந்து நாக்கின் அடியில்.
மூச்சு விட்டு விட்டு. நர்ஸ் வந்து பார்த்தார். இன்று அல்லது நாளை என்றார்.

காலையில் அவர் காதில் சொன்னேன். மச்சான், நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மாப் பண்ணிருங்க. இமை அசைந்தது போல் இருந்தது. அசையாமலும் இருந்திருக்கலாம். யாசீன் ஓதினேன். பாதியில் எங்கே விட்டேன் என்று தெரியாமல் மறுபடி ஆரம்பித்தேன்.

மூன்று மணிக்கு நஸ் வந்தாள். கோட்டோடு ஓடிவந்து கட்டில் பக்கத்தில் முட்டி போட்டாள். அத்தா, அத்தா என்றாள். கண் திறக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டே அரை மணி நேரம் இருந்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டாள், கடைசியாக ஏதாவது சாப்பிட்டாரா என்று.

"சாப்டாரும்மா. டெனீஸ் பயறு செஞ்சு கொண்டுவந்தா. மூணு ஸ்பூன்."

பிடித்திருந்ததா என்று கேட்டாள். ரொம்பப் பிடித்திருந்தது, இன்னும் கொஞ்சம் கேட்டார் என்றேன். ஒரு திக்கல் இல்லை, திணறல் இல்லை, அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

இந்த வாய் நேற்று எங்கே போயிருந்தது.