அடைப்புக்குறிக்குள் எழுதியவை

என் அமலுக்கு,

உன் அம்மா முன்னால் மட்டும் 'நீங்க', மற்ற நேரமெல்லாம் 'நீ' என்று பேசிவைத்துக்கொண்டோமே, நினைவிருக்கிறதா? இந்தக் கடிதம் நாலு பேர் கையில் கிடைத்தாலும் கிடைக்கும். படிக்கட்டும், நீ என்றே எழுதுகிறேன். "நெஞ்சு கரிக்குது, ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்த மனுஷனுக்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஊர் நிலவரம் சொல்கிறேன். பெங்களூரில் நம் பட்டறை இருக்கும் பீன்யாவுக்குப் போகும் வழி நெடுக மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பஸ் நத்தையாக ஊர்கிறது. நீ இருந்திருந்தால் டிரைவரோடு கன்னடத்தில் சண்டை பிடித்து, இறங்குவதற்குள் அவரோடு சிநேகமும் ஆகியிருப்பாய். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிடுகிறேன்.

பட்டறையில் புது கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. அச்சோ, பொம்மையோ, எதை வரைந்தாலும் திரையிலேயே பிடித்துத் திருப்பிப் பார்க்கலாம். ஆனால் என் பிழைப்பு அதேதான். வேலை தரும் பார்ட்டி கொடுக்கும் படத்தின் மேல் கட்டர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று கோடு இழுக்கிறேன். கம்ப்யூட்டர் அதை எழுத்தும் எண்ணுமாக வரிவரியாக மாற்றித் தருகிறது. அதை அனுப்பினால் மெஷின் அப்படியே இரும்பைக் கடைகிறது. கல்யாண வீடுகளில் "நீ என்னம்மா வேலை பாக்கறே?" என்று யாராவது கேட்டால், இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் பந்தி முடிந்துவிடும். நீதான், "எங்க வீட்டம்மா சொல்றதைத்தான் மெஷினும் கேக்குது, நானும் கேக்கறேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய்.

நான் சேர்ந்த புதிதில் எனக்குக் கண்ணாடி அறை, உனக்கு வெளியே மெஷின். நடுவே ஒரு நீளக் கேபிள். நான் எதை அனுப்பினாலும் நீ முதலில் கட்டரை மேலே தூக்கிவைத்துக் காற்றில்தான் ஓட்டுவாய். இரும்பைத் தொடாமல் அது அந்தரத்தில் போய்வருவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று சண்டைக்கு வந்தேன். "உங்க மேல இருக்குங்க. கம்ப்யூட்டர் மேலதான் இல்ல" என்றாய். பல்லைக் காட்டி நீ சிரித்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் தரும் அந்த வரிகளுக்கு நடுவே அடைப்புக்குறி போட்டு எதை எழுதினாலும் மெஷின் சட்டை செய்யாது, தாண்டிப் போய்விடும். ஓட்டுகிறவர் கண்ணுக்கு மட்டும் திரையில் தெரியும். 'இங்கே நிறுத்து', 'வலப்பக்க கிளாம்பைக் கழற்று' என்று குறிப்பு எழுதத்தான் அந்த இடம். ஒரு நாள் விளையாட்டாக, இங்கிலீஷ் எழுத்தில் தமிழை வைத்து, 'சாப்ட்டாச்சா?' என்று எழுதி அனுப்பினேன். நீ மெஷினை நிறுத்தினாய். கை துடைத்துக்கொண்டு வந்து கண்ணாடிக் கதவைத் திறந்தாய். "இன்னும் இல்ல. நீங்க?"

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் எந்த புரோகிராமைத்தான் நான் சும்மா அனுப்பினேன்? 'சட்டை நல்லாருக்கு.' 'முகம் ஏன் அப்படி இருக்கு?' 'மழை வருது, ஸ்கூட்டர் எடுக்க வேணாம்.' நீ ஒவ்வொன்றுக்கும் கதவைத் திறந்து வந்து பதில் சொல்வாய். பம்ப் பாகங்கள் கடைந்த அந்த மெஷினில்தான் நம் பாதிப் பேச்சும் ஓடியது.

பிறகு அந்த வாரம் வந்தது. ஆம்பூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருவதாகக் காக்ஸ் டவுனில் இருந்த எங்கள் வீட்டில் அப்பா முடிவு செய்துவிட்டார். டீக்கடையில் உன்னிடம் சொன்னேன். நீ டம்ளரையே பார்த்துக்கொண்டு, "அதுக்கு முன்னாடி எங்கம்மாவ உங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டாய். உன் வீட்டில் குழந்தை இயேசு படம், என் வீட்டில் முருகன். அப்பா முகம் கண் முன்னால் வந்தது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். நீ அன்றெல்லாம் கதவுப் பக்கமே வரவில்லை.

சனிக்கிழமை காலை தைரியம் வந்தது. வாயில் இல்லை, விரலில். புரோகிராம் நடுவே அடைப்புக்குறியைத் திறந்து, 'சரி. அம்மாவை இன்னைக்கே வரச் சொல்லுங்க' என்று எழுதினேன். படபடப்பில் மூட மறந்துபோனேன். குறிப்புக்குள் என்ன இருந்தாலும் மெஷின் பொறுத்துக்கொள்ளும். மூடாத அடைப்புக்குறியை மட்டும் பொறுக்காது.

நீ வழக்கம்போலக் காற்றில்தான் ஓட்டிக்கொண்டிருந்தாய். நட்ட நடுவில் சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் நின்றது. திரையில் அதே வரி. என்னவோ ஏதோ என்று முதலாளியே ஓடிவந்தார், பின்னாலேயே மொத்த பட்டறையும். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "ஏனம்மா கோமதி, மெஷினுக்கா மாப்ள பாக்கறே?" ஐயோ, பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. நீ மட்டும் காது வரை சிவந்துபோய், "சார், அரை நாள் லீவு வேணும்" என்றாய்.

உன் அம்மா அன்று சாயங்காலமே பூவும் பழமுமாக வந்தார்கள். என் அப்பா வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் உன்னோடு கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தவர் என்னை மறந்தேபோனார். அதெல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். எனக்குத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தெரியாததைச் சொல்கிறேன். நீ போன பிறகு நான் அடைப்புக்குறியே போடுவதில்லை. யாருக்கு எழுதுவது? வெறும் எண்களை அனுப்பிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போவேன். இப்போது உன் மெஷினை ஓட்டுவது சவிதா. துமகூருப் பெண், தமிழும் பேசும் கெட்டிக்காரி. அவளும் காற்றில்தான் முதலில் ஓட்டுகிறாள். இந்தத் திங்கட்கிழமை அப்படி ஓட்டும்போது, இரும்பைக் கவ்விப் பிடித்திருக்கும் கிளாம்புக்கு நேர் மேலே கட்டர் போவதைப் பார்த்து நிறுத்திவிட்டாள். கீழே இறக்கி ஓட்டியிருந்தால் இரண்டும் மோதித் தெறித்திருக்கும். நேரே என் முன்னால் வந்து நின்றாள். "மேடம், கிளாம்ப எப்போ கழட்டணும்னு நீங்க எழுதவே மாட்டேங்கறீங்களே. நான் எங்கிருந்து தெரிஞ்சுக்கறது?"

நியாயம்தானே? உட்கார்ந்து திருத்தினேன். 'வலப்பக்க கிளாம்பைக் கழற்று' என்று எழுதினேன். கை அதோடு நிற்கவில்லை, அமல். அடுத்த வரியில் அதுவாகவே அடித்துவிட்டது. நான் கவனிப்பதற்குள் அனுப்பியும் ஆயிற்று.

மெஷின் நின்றது. கண்ணாடிக் கதவு திறந்தது. கை துடைத்துக்கொண்டே சவிதா எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் இல்ல மேடம். நீங்க?"

நான் அழுதுவிட்டேன். பாவம், அவள் பயந்துபோனாள். அப்புறம் இரண்டு பேருமாக என் எலுமிச்சை சாதத்தையும் அவளுடைய ராகி முத்தே என்ற களி உருண்டையையும் பங்குபோட்டுச் சாப்பிட்டோம்.

இனிமேல் எந்த புரோகிராமையும் வெறுமனே அனுப்ப மாட்டேன், அமல். வேளைக்குச் சாப்பிடுவேன். அடைப்புக்குறியையும் ஒழுங்காக மூடுவேன்.

உன் சண்டைக்காரப் பெண்டாட்டி,
கோமதி